வேலியோடு நிற்கும் துப்புரவு

நார்வேயில், ட்வெய்ட்டா என்ற இடத்துக்குக் கீழே, ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் இன்று ‘டுக்நாட்’. வசந்தம் வந்ததும் குடியிருப்பவர்கள் கூடித் தங்கள் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்யும் நாள். மன்னாரிலிருந்து வந்து இங்கே பஸ் ஓட்டும் ஜெரோம் அண்ணனும் கையுறை மாட்டிக்கொண்டு சருகு வாருகிறார். எல்லாருடைய கையும் கம்பி வேலியோடு நின்றுவிடுகிறது.

வேலிக்கு அப்பால் ரயில் கம்பெனிக்குச் சொந்தமான வாய்க்கால். பழைய டயர்கள், முறிந்து கிடக்கும் ஒரு பிர்ச் மரம், அசையாத கறுப்புத் தண்ணீர். போன வருடம் பனி உருகியபோது அது நிரம்பி, ஜெரோம் வீட்டின் நிலவறையில் மகள் படுக்கும் அறைக்குள் புகுந்திருக்கிறது.

“இதை யார் சுத்தம் பண்ணணும்?” என்று ஜெரோம் அண்ணனைக் கேட்கிறேன்.

“கம்பனியைக் கேட்டா, ஊர்த் தண்ணிதானே வருது, கொம்யூனைக் கேள் எண்டுறாங்கள். கொம்யூனைக் கேட்டா, காணி கம்பனியின்ரை எண்டுறாங்கள். தண்ணி மட்டும் ஒருத்தரையும் கேக்காமல் என்ரை வீட்டை வருது.” நகரசபையைத்தான் கொம்யூன் என்கிறார்.

“நீங்களே இறங்கி அள்ள முடியாதா?”

“ஒருக்கா இறங்கினனான். ரெயினை நிப்பாட்டிப் போட்டு, பொலிஸ் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. அண்டைக்கு மட்டும் எல்லாரும் உடன வந்தவை.”

பக்கத்து வீட்டு நார்வேக்காரர் தள்ளுவண்டியைச் சரித்து, வாரிய சருகையெல்லாம் வேலிக்கு மேலாக வாய்க்காலுக்குள் கொட்டுகிறார். திரும்பி, ஜெரோமைப் பார்த்துச் சிநேகமாகக் கையசைக்கிறார். ஜெரோமும் கையசைக்கிறார்.

தூறல் விழத் தொடங்குகிறது.

“தம்பி, பிள்ளையின்ரை கட்டிலை மேலை ஏத்த வேணும். ஒரு பக்கம் பிடிக்கிறீங்களோ?”

நாங்கள் நிலவறைக்கு இறங்குகிறோம்.