சைக்கிள் கடைக்குப் போன அளவு ரவிக்கை

என் அத்தை நாலரை அடிக்கு மேல் இரண்டு விரக்கடை உயரம். அந்த இரண்டு விரக்கடையை விட்டுவிட்டுச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அப்பாவோடு பிறந்த ஒரே தங்கை. கல்யாணமாகி நாலு வருடம் மாமா வீட்டில் இருந்துவிட்டு, ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சலோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, அத்தை போகவில்லை. அங்கிருந்து யாரும் கூப்பிட வரவும் இல்லை. அதற்கப்புறம் இரண்டு வருடமாக அவள் பாய்க்குப் பக்கத்தில்தான் என் பாய். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா வீட்டார் என்றால், அத்தையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்க மறந்துபோன நல்லவர்கள் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் நார்த்தாமலைக்குக் கிழக்கே இரண்டு மைல். குன்றாண்டார்கோவிலில் பிளாக் ஆபீஸ் வந்த புதிது அது. எட்டாவது படித்த பெண்களைக் கிராம சேவிகா வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அத்தை யாரையும் கேட்காமல் மனு எழுதிப் போட்டுவிட்டாள். நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். எல்லாம் சரி, ஆனால் பத்து ஊருக்குப் போய்வர வேண்டிய வேலை, பஸ்ஸை நம்பினால் நடக்காது என்றார்கள். பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் வந்து சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதே சமயத்தில் மாமா வீட்டுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டாராம். சித்திரை பிறந்ததும் வந்து அத்தையைக் கூட்டிப்போவதாக ஆள் அனுப்பியிருந்தார்கள். அப்பா கெட்டவர் இல்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர். "வேலை கெடச்சா இங்கயே இரு. கெடைக்கலைன்னா நான் எதைச் சொல்லி ஒன்னைய நிறுத்தி வைக்கிறது? போயிரு" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். இதை எனக்குப் பல வருடம் கழித்து ஆத்தா சொன்னாள். ஆத்தா என்றால் என் தாய், நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த வயதில் என் காதுக்கு எட்டியது வேறு. மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டே ஒரு நாள் காலையில் அப்பா, வேலை கிடைத்தால் குன்றாண்டார்கோவிலிலேயே தங்க ஓர் அறை தருவார்களாம் என்று ஆத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வைக்கோல் கட்டு தலையில் விழுந்த மாதிரி இருந்தது. அத்தை சைக்கிள் கற்றுக்கொண்டால் என்னை விட்டுப் போய்விடுவாள். விஷயம் இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சைக்கிள் ஆவூரிலிருந்து வந்தது. அங்கே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீ தன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள். ஆறடிப் பெண்மணி அவர் என்பதைச் சைக்கிளைப் பார்த்தே சொல்லிவிடலாம். சீட்டை அடிமட்டம் வரை இறக்கி அத்தையின் கால் பெடலுக்கு எட்டும்படி செய்தாயிற்று. எல்லாரும் அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் ஹேண்டில்பார் ஏர்க்கலப்பை மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நீண்டு கிடந்தது. அதைப் பிடிக்க அத்தை இரண்டு கைகளையும் அகல விரிக்க வேண்டியிருந்தது. நேராகப் போகிறவரை வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். திருப்பினால்தான் வினை. இடது பக்கம் ஒடித்தால் வலது பிடி கைக்கு எட்டாத தூரத்துக்கு ஓடிவிடும். அத்தை அதைத் துரத்திக்கொண்டு முன்னால் சாய்வாள், சாய்ந்த பக்கம் விழுவாள். விழுந்ததும் முதலில் சேலையைச் சரிசெய்வாள், அப்புறம் சைக்கிளைத் தூக்குவாள், அதற்கப்புறம்தான் முழங்காலைப் பார்ப்பாள்.

அப்பா கீரனூர் சைக்கிள் கடையில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். கடைக்காரர் அந்த வட்டாரத்தில் கைதேர்ந்தவர் என்று பெயர்பெற்றவர். குள்ளமானவர்கள் என்றால் எல்லாரும் காலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், தோளை யாரும் நினைப்பதில்லை என்றாராம். தோளின் இந்த எலும்புக்கும் அந்த எலும்புக்கும் நடுவே எவ்வளவோ அவ்வளவுதான் ஹேண்டில்பார் இருக்க வேண்டும், ஒரு விரக்கடை கூடினால் பரவாயில்லை. ஆளைக் கூட்டிவந்தால் அளந்து, பொருத்தமானதைப் பார்த்து மாட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.

ஆளைக் கூட்டிப் போவதாவது. கடைத்தெருவில், பஸ் நிற்கிற இடத்தில், ஒரு பெண்பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அடிக்கோல் வைத்து அளப்பதை நினைத்தே அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. இரண்டு நாள் யோசித்தும் வழி தெரியவில்லை. ஆத்தாதான் வழி சொன்னாள். "தையக்காரருக்கு நாம என்னத்தக் குடுத்து விடுறோம்? அளவு ரவிக்கைதான? அதையே இவருக்கும் குடுத்து விடுங்க. தோளு ரெண்டு எடத்துலயும் ஒன்னுதான." இதைவிட நியாயமான பேச்சை நான் இன்றுவரை கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணின் அளவும் நாடாவால் எடுக்கப்பட்டதில்லை. சரியாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்று தையல் கடைக்குப் போய் அவளுக்காக நின்றுவிட்டு வரும்.

அத்தை தன் ரவிக்கையை மடித்து ஒரு துணிப்பையில் வைத்தாள். அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏற அப்பாவுக்குக் கூச்சம். ஆகவே பையைத் தூக்க என்னைக் கூட்டிப்போனார். கிளம்புவதற்கு முன் நான் பையிலிருந்த அத்தையின் ரவிக்கையை எடுத்துப் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு, கொடியில் கிடந்த ஆத்தாவின் ரவிக்கையைப் பைக்குள் வைத்தேன். ஆத்தா நெல் மூட்டையைத் தனியாகப் புரட்டுகிறவள். அவள் தோளில் இரண்டு அத்தை உட்காரலாம்.

கடையில் ஒரு மூங்கில் கழியில் ஹேண்டில்பார்கள் வரிசையாகத் தொங்கின. அகலமானவை, நடுத்தரமானவை, பந்தயச் சைக்கிளுக்கு மாட்டுகிற கீழ்நோக்கி வளைந்த ஒன்று. ஓரத்தில் அரைச் சைக்கிளிலிருந்து கழற்றிய குறுகலான ஒன்று, சிவப்புப் பிடி போட்டது. அப்பா முன்பே சொல்லி வைத்திருந்ததால் கடைக்காரர் அந்தச் சிவப்புப் பிடியைத்தான் எடுத்து மேசைமேல் தயாராக வைத்திருந்தார். நான் ரவிக்கையை எடுத்துக் கொடுத்ததும் அப்பா சட்டென்று திரும்பி, வராத பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். டியூபில் ஒட்டுப்போடக் காத்திருந்த இருவரும் மேலே எதையோ பார்த்தார்கள். கடைக்காரர் ரவிக்கையை நுனிவிரலால் பிடித்து மேசையில் விரித்து அடிக்கோலை வைத்தார். மறுபடியும் வைத்தார்.

"குள்ளம்னீங்க. ஆளு நல்லாப் பெருசா இருக்காங்களே?" என்றார்.

அப்பா முதுகைக் காட்டியபடியே "ம்" என்றார். ஒரே ஒரு முறை திரும்பியிருந்தால் அது தன் பெண்டாட்டியின் ரவிக்கை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் திரும்பவில்லை. கடைக்காரர் என்னிடம், "இது அவங்களுதுதான பாப்பா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் சிவப்புப் பிடியை மறுபடி கழியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, பழையதைவிட ஒரு விரக்கடைதான் குறைவாக இருந்த வேறொன்றை எடுத்தார்.

புது ஹேண்டில்பார் என்றதும் அத்தைக்குத் தைரியம் வந்துவிட்டது. அதுதான் அதில் மோசமான பகுதி. பழைய ஹேண்டில்பாரோடு பயந்து பயந்து ஓட்டினாள். கடைக்காரரே அளந்து கொடுத்தது என்ற நம்பிக்கையில் இப்போது வேகமாக ஓட்டினாள். புதன்கிழமை காலையில் கண்மாய்க்கரைமேல் நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மடைக்குப் பக்கத்தில் கரை இடது பக்கம் திரும்புகிறது. வலது பிடி அவள் விரலை விட்டு நழுவுவதை நான் பார்த்தேன். வண்டியும் அவளும் சேர்ந்து மடைக்கல்லில் போய் விழுந்தார்கள். அன்று அத்தை சேலையைச் சரிசெய்யவில்லை. இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்து, வாந்தி எடுத்தேன். அத்தை ஒடிந்த கையோடு என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டுப் போடுகிறவர் வந்து, முட்டை வெள்ளைக்கரு தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, நாற்பத்தைந்து நாள் என்று சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. அத்தை ஒற்றைக் கையால் தன் தகரப்பெட்டியை அடுக்கினாள். அப்பா வயலிலேயே கிடந்தார். எதற்குப் பெட்டி அடுக்குகிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சித்திரை பிறந்த நாலாம் நாள் மாமா வீட்டு வண்டி வந்தது. மாமா வண்டியை விட்டு இறங்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் பெண்டாட்டி, அதாவது அத்தையின் ஓரகத்தி, மட்டும் உள்ளே வந்தாள். ஆத்தா காப்பி கொடுத்தாள். வந்தவள் அத்தையின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிடக் கட்டைப் பார்த்த நேரம் அதிகம்.

"எம்புட்டு நாளாகுமாம்?"

"ஆறு மாசத்துக்கு ஒரு கொடம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றாள் அத்தை. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"மாவு அரைக்க? நெல்லு குத்த?"

"ஒத்தக் கையால எப்புடிக்கா?"

"கெழவியத் தூக்கி ஒக்கார வைக்கணும்ல."

அந்த அம்மாள் கட்டுப் போட்ட கையை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டாள். நல்ல கையையும் எடுத்து, உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். "கை சரியானதும் சொல்லி விடுங்க. இப்பக் கூட்டிப்போனா இவளப் பாக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்" என்றாள். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள். எனக்கு நடந்தது அரைகுறையாகத்தான் புரிந்தது. அவர்கள் அத்தையைக் கூட்டிப்போக வந்தார்கள், கை ஒடிந்திருப்பதால் விட்டுப்போகிறார்கள். ஆகவே அத்தை எங்கும் போகவில்லை. எல்லாம் நான் மாற்றி வைத்த ரவிக்கையால். பத்து நாளாக வயிற்றில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

சந்தோஷத்தில் காலி டம்ளரை வாங்கப் போனேன். அந்த அம்மாள் என்னை இன்னும் கிட்ட வரச் சொல்லி, என் இரண்டு கைகளையும் பிடித்தாள். மணிக்கட்டை வளைத்துப் பார்த்தாள், முழங்கை வரை தடவினாள். "நல்ல உறுதியான கை. எம் மூத்தவனுக்கு மொறைதான இவ? நாலஞ்சு வருசம் போகட்டும்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதை வழியனுப்புவதாக எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் அப்பா ஹேண்டில்பாரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அத்தையைக் கட்டோடு கீரனூர் பஸ்ஸில் ஏற்றினார். கடைவாசலில், பஸ் நிற்கிற இடத்தில், கடைத்தெரு முழுக்கப் பார்க்க, அத்தை சுவரோடு ஒட்டி நின்றாளாம். கடைக்காரர் அடிக்கோலை வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வந்த ரவிக்கைக்கும் இந்தத் தோளுக்கும் நாலு விரக்கடை வித்தியாசம் என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து என்னை நெடுநேரம் பார்த்தார். அடி விழும் என்று நின்றேன், விழவில்லை. ஆடி மாதம் பிளாக் ஆபீஸில் இன்னொரு முறை கூப்பிட்டார்கள். சிவப்புப் பிடியோடு அத்தை ஆபீஸ் வாசலை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். வேலையும் கிடைத்தது, அறையும் கிடைத்தது. நான் பயந்தபடியே அவள் போனாள். சனிக்கிழமைதோறும் அதே சைக்கிளில் வந்தாள்.

வண்டி வந்துபோன அந்தச் சாயங்காலம் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. என் கையைப் பாராட்டிவிட்டுப் போனதைப் பக்கத்து வீட்டில் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன். கடைசியாகக் கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்த அத்தையிடம் போய், அவளும் பார்க்கட்டும் என்று இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் தன் ஒற்றைக் கையால் அவற்றைச் சேர்த்துப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். வலிக்கிறது, விடு என்றேன். விடவில்லை. விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்றேன், அப்போதும் விடவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் என் விரல்மேல் விழுந்துகொண்டிருந்தது. தன் கையைப் பாராட்டவில்லை என்று அத்தைக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.