பத்தாவது ஆளாக இருந்த மாலை

டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில், யூதர்களின் மன்றக் கட்டடத்தில் நான் ஹவுஸ்மைஸ்டராக வேலை செய்கிறேன். விளக்கு மாற்றுவது, ஹீட்டர் பார்ப்பது, கதிரைகளை அடுக்குவது, குப்பைத் தொட்டியை உரிய கிழமையில் வெளியே வைப்பது, இவைதான் என் வேலை. ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதனால் அங்கே நடக்கும் வகுப்புகளை நான் விளங்கிக்கொள்வேன் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எனக்கும் அது வசதிதான். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு வாய் உலர்ந்துவிடும்.

பிரார்த்தனை அறைக்குள் ஆண்கள் தலையில் சிறிய தொப்பி வைக்க வேண்டும். பல்பு மாற்றப் போனாலும் நானும் வைப்பேன். அதற்கென்றே ஒரு கறுப்புத் தொப்பியைக் காற்சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒரே ஒரு சினேகிதர். ஒடெசாவிலிருந்து வந்த கிழவர், அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். தினமும் காலையில் சமையலறைக்கு வந்து கோப்பி குடிப்பார். அவருடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே அளவு உடைந்தவை. ஆகவே எங்களுக்குள் பேச்சு நன்றாக ஓடும். அவர் பேசியதை என் காதில் விழுந்த மாதிரி எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

அவருடைய தகப்பன் யூதர். தாய் இல்லை. எங்கள் மன்றத்தின் விதிப்படி, தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். இல்லாவிட்டால் வகுப்புக்குப் போய், படித்து, மூன்று குருமாருக்கு முன்னால் பதில் சொல்லிச் சேர வேண்டும்.

"அங்கை பள்ளிக்கூடத்திலை யூதன் யூதன் எண்டு அடிச்சாங்கள்," என்று அவர் ஒருநாள் சொன்னார். "அப்ப ஒருத்தனும் கொம்மா ஆரெண்டு கேக்கேல்லை. இஞ்சை வந்தால் முதல் கேள்வியே கொம்மா ஆரெண்டுதான்."

"வகுப்பிலை சேருங்கோவன், ஐயா."

"எழுபத்தாறு வயசிலை நான் நானாகிறதுக்குச் சோதினை எழுதவோ? பெயில் விட்டால் ஆராவன்?"

கோப்பியை ஊற்றினேன்.

அவருடைய மனைவி போன வருடம் இறந்துபோனார். அந்த அம்மாவின் தாய், தகப்பன் இரண்டு பேரும் யூதர்கள், அதில் சிக்கல் இல்லை. முதலாம் ஆண்டு நாள் வந்தது. எங்களுடைய ஆட்டத்திவசம் போல அவர்களுக்கும் உண்டு. அன்று இறந்தவருக்காக ஒரு பிரார்த்தனை எழுந்து நின்று சொல்ல வேண்டும். பத்து யூதர்கள் அறையில் இருந்தால்தான் அதைச் சொல்லலாம். சில இடங்களில் பத்தும் ஆண்களாக இருக்க வேண்டுமாம், எங்கள் மன்றத்தில் பெண்களும் சேர்த்தி. பத்துப் பேர் வந்துவிட்டால் கிழவரும் எழுந்து நின்று சொல்லலாம். ஆனால் அந்தப் பத்தில் அவர் ஒரு ஆள் இல்லை. இரண்டு மாதமாக அவர் அந்தப் பிரார்த்தனையைப் பாடமாக்கினார். சமையலறையில் எனக்குச் சொல்லிக் காட்டுவார். ஒரு எழுத்தும் விளங்காமல் நான் தலையை ஆட்டுவேன்.

நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. அன்று பார்த்து டிராம்களும் பஸ்களும் வேலைநிறுத்தம். மன்றத்தின் வயதான ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போன் பண்ணி வர ஏலாது என்றார்கள். கிழவர் மட்டும் காலையிலேயே நடந்து வந்துவிட்டார். கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் இருந்தார்.

ஆனால் அந்தக் கிழமை கட்டடத்தில் ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வேறு வேறு நகரங்களிலிருந்து யூதர்கள் வந்திருந்தார்கள், தங்கள் தங்கள் மன்றங்களை எப்படி நடத்துவது, எப்படிக் கற்பிப்பது என்று படிப்பதற்காக. இஸ்ரேலில் பிறந்தவர்கள், ரஷ்ய மொழி பேசுகிறவர்கள், ஜெர்மானியர்களாகப் பிறந்து பின்னர் சேர்ந்தவர்கள், ஆர்ஜென்டினாவிலிருந்து ஒரு பெண். கற்பித்தவர் ஒரு பெண் குரு. உயரமானவர், சிரித்த முகம்.

மத்தியானம் நான் தண்ணீர்ப் போத்தல்களை வைக்கப் போனபோது அவர் ஒரு விஷயத்தை அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். மன்றத்துக்குள் ஒருவர் வருகிறார், அவருடைய நிறம் வேறு, முகம் வேறு. நீங்கள் எங்கேயிருந்து வருகிறீர்கள், நீங்கள் உண்மையாகவே யூதரா என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் பல பேரைத் துரத்திவிட்டோம். எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். நல்ல விஷயம் சொல்கிறார் என்று எனக்கும் பட்டது. நான் ஏறும் ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதானே.

பின்னேரம் கிழவர் அந்தக் குருவிடம் போய்த் தன் விஷயத்தைச் சொன்னார். நான் கதவடியில் நின்றேன்.

"ஓம், கட்டாயம் செய்வம்," என்றார் குரு. "நாங்கள் இவ்வளவு பேர் இருக்கிறம். நீங்களும் வாங்கோ, பத்தாகும்."

"என்னைச் சேக்காதேங்கோ. எனக்கு அப்பா மட்டும்தான்."

குருவின் முகம் மாறியது. "என்ரை வீட்டு மேசையெண்டால் உங்களைச் சேத்திருப்பன். இது உங்கடை ஆக்களின்ரை வீடு. நான் விருந்தாளி, வந்த இடத்திலை விதியை மாத்த ஏலாது," என்றார்.

"எனக்குத் தெரியும். அதுதான் முந்தியே சொன்னனான்," என்றார் கிழவர்.

வேலைநிறுத்தத்தால், பயிற்சிக்கு வந்தவர்களிலும் சிலர் யாரோ ஒருவருடைய காரில் நேரத்தோடு போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் பிரார்த்தனை அறைக்கு வந்தார்கள். நான் தொப்பியை வைத்துக்கொண்டு கதிரைகளை வளைவாகப் போட்டேன். வேலை முடிந்து திரும்பும்போது கிழவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"இரு. நிண்டு நிண்டு களைச்சுப் போனாய்."

"சமையலறையிலை வேலை கிடக்கு, ஐயா."

"அவளுக்கு நீ குடுத்த வடை நல்ல விருப்பம். அவளுக்காகக் கொஞ்சம் இரு."

அப்படிச் சொன்னால் எப்படி எழும்புவது? இருந்தேன். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டிலும் திவசத்திலும் யார் எவர் என்று பார்ப்பதில்லை, ஆள் குறைவாக இருந்தால் போய் இருப்போம். அந்த நினைப்பில்தான் இருந்தேன்.

குரு எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். அவர்கள் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். மனிதர்களை எண்ணுவது நல்லதில்லையாம். அதற்குப் பதிலாகப் பத்துச் சொற்கள் உள்ள ஒரு வரியைச் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு சொல். வரி முடிந்தால் ஆட்கள் சரி. குரு தன்னில் தொடங்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கிழவரிடம் வந்ததும் கண்ணைத் தாழ்த்தி அவரைக் கடந்தார். கடைசிச் சொல் என் முகத்தில் வந்து நின்றது. குரு சிரித்தார். ஆர்ஜென்டினாப் பெண்ணும் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் படித்ததை அவர்கள் அப்படியே செய்தார்கள்.

நான் கிழவரைப் பார்த்தேன். அவர் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரார்த்தனை தொடங்கியது. எனக்கு வியர்த்தது. பக்கங்கள் புரண்டன, எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன், இருந்தார்கள், இருந்தேன். என் அம்மா ஊரில் செத்தபோது எனக்கு இங்கே விசா இல்லை. கொள்ளி வைத்தது தூரத்து உறவு ஒன்று. அது அம்மாவுக்குச் சேர்ந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம் இந்த மனிதருக்கும் வரக்கூடாது என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, பேசாமல் இரு என்று மறு பக்கம் சொன்னது.

கிழவர் எழுந்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்தார். வாயைத் திறந்தார்.

"நான் இந்து," என்றேன்.

நான் எழுந்து நின்றதுகூட எனக்குத் தெரியவில்லை. "நான் இந்த வீட்டு ஹவுஸ்மைஸ்டர். கதிரை போட வந்தனான்."

குருவின் முகம் சிவந்து, வெளிறி, பிறகு பழைய நிறத்துக்கு வந்தது. எல்லோரும் இப்போது அவரைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தை மூடினார், ஆனால் கீழே வைக்கவில்லை.

"பிழை என்னிலை. உங்களிட்டைக் கேட்டிருக்க வேணும்," என்று எனக்குச் சொன்னார். பிறகு கிழவரின் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்தப் பிரார்த்தனையை இப்ப சொல்ல ஏலாது. ஆனால் இறந்தவைக்காக வேதத்திலை ஒரு பக்கம் படிக்கலாம். அதுவும் எங்கடை வழக்கம்தான். அதுக்கு ஆள்கணக்கு இல்லை, ஆரும் இருக்கலாம். செய்வமா?"

கிழவர் திரும்பவும் கதிரையில் இருந்தார். குரு ஒரு பக்கத்தை எடுத்து வாசித்தார். ஒரு கிணற்றைப் பற்றியும் அதைத் தூர்த்தவர்களைப் பற்றியும் அதைத் திரும்பத் தோண்டியவர்களைப் பற்றியும் இருந்தது. ஒவ்வொருவரும் ஏதோ சொன்னார்கள். கிணறு தூர்ப்பதும் தோண்டுவதும் எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் வாய் வரவில்லை. கடைசியில் கிழவர், சுவரைப் பார்த்தபடி, தன் மனைவி சூப்புக்கு உப்புப் போட எப்போதும் மறந்துவிடுவாள் என்றார். அவ்வளவுதான். கோட்டோடு வந்தவர் கோட்டோடு போனார்.

இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"நீங்கள் ஏன் அதுக்குள்ளை போய் இருந்தனீங்கள்?" என்றாள்.

"அவர் இருக்கச் சொன்னவர்."

"அப்ப இருந்தனீங்கள்தானே, பிறகு ஏன் எழும்பினீங்கள்? பேசவேண்டிய இடத்திலை ஒரு நாளும் வாய் துறவாத மனுசன்!"

அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை கிழவர் வந்தார். கோப்பியைத் தொடவில்லை.

"ஒரு நிமிசம்," என்றார். "ஒரு நிமிசம் பொறுத்திருந்தால் நான் சொல்லி முடிச்சிருப்பன். சும்மா இருக்கிறதுக்கும் படிப்பு வேணுமோ?"

"அது பொய்யாப் போயிருக்கும், ஐயா."

"குரு என்னைச் சேக்கப் பாத்தாள், நான் உண்மை சொன்னன். உன்னைப் பற்றி ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

"உங்கடை மனுசிக்குப் போய்ச் சேராதெண்டு பயந்தனான்."

"அவளுக்கோ? அவள் ஒரு நாளும் ஆளெண்ணிப் பாத்து வீட்டுக் கதவு திறந்தவள் இல்லை." அவர் எழுந்து போய்விட்டார். கோப்பி ஆறிக் கிடந்தது.

பயிற்சி முடிந்த நாள் குரு கதிரை அடுக்க எனக்கு உதவி செய்தார். நீங்கள் எழுந்து சொன்னது பெரிய காரியம் என்றார். அப்படியென்றால் நான் செய்தது சரிதானா என்று கேட்டேன். அவர் கையில் கதிரையோடு நின்று யோசித்தார். "எனக்குத் தெரியேல்லை," என்றார். "நான் படிப்பிச்சது சரி எண்டுதான் இப்பவும் நினைக்கிறன். அவரை விட்டுட்டு உங்களை எண்ணினனே, அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்." இவ்வளவு படித்தவருக்கே தெரியாவிட்டால் எனக்கு எங்கே தெரியப்போகிறது?

வெள்ளிக்கிழமை டிராம்கள் ஓடின. பிரார்த்தனைக்கு வழமையான ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். கிழவரும் வந்தார், என்னைப் பார்க்காமல் போய் முன்வரிசையில் இருந்தார். நான் விளக்குச் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். நேரம் வந்ததும் அவர் எழுந்து, மூன்று நாள் பிந்திய அந்தப் பிரார்த்தனையைச் சொன்னார். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. எனக்குச் சமையலறையில் சொல்லிக் காட்டிய அதே வேகம், அதே மூச்சு. இடையிடையே எல்லோரும் ஆமென் என்றார்கள். எங்கே வரும் என்று கேட்டுக் கேட்டு எனக்குப் பழக்கமாயிருந்தது. கடைசி ஆமெனில் என் வாயும் திறந்துவிட்டது. நான் சொல்லலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

கிழவர் திரும்பிப் பார்த்தார். வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"இண்டைக்குக் கனபேர் வந்திருக்கினம். நீ இல்லாமலும் சரிவந்திருக்கும்," என்றார். "இப்ப ஏன் வாய் துறக்கிறாய்?"

"தெரியேல்லை, ஐயா."

"சொல்லுறதெண்டால் சத்தமாச் சொல்லு," என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றாமலே படியிறங்கிப் போனார். திங்கட்கிழமை கோப்பிக்கு வருவாரா என்று எனக்கு விளங்கவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டு, இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.