காலர் லேபிளில் ஒரு மஞ்சள் பொட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் கடைசியில் நடந்தது இது. மும்பையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் முதுகில் வேர்வை வழிகிற நாட்கள். அந்தப் புழுக்கத்தில், தாராவியில் எங்கள் வீட்டு நடுவில் நின்றுகொண்டு, குளிருக்கு என்ன உடுத்துவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். டிக்கெட், விசா, ஓட்டல் என்று எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். அந்த வருடம் நார்வே பக்கம் கப்பலில் போகும் ஒரு குழுவுக்குத் துணையாக என்னையும் கூட்டிப் போவதாக முதலாளி சொன்னார். இந்தப் பயணத்தைக் குறையில்லாமல் முடித்தால் அடுத்த குழுவை நானே தனியாக அழைத்துப் போகலாம் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும் நான்தான். அப்பா அன்று மாலையே சந்து முழுக்கச் செய்தியைச் சொல்லிவிட்டார்.

சிக்கல் கப்பல் கம்பெனி அனுப்பிய குறிப்பில் இருந்தது. பகலில் கேஷுவல் உடை போதும், மேல்தளத்தில் குளிர்காற்று அடிக்கும், அடுக்கடுக்காக உடுத்தினால் நல்லது என்று அதில் போட்டிருந்தது. இதைத்தான் நான் பல நாட்களாக வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், ஏதோ நார்வேயிலேயே பிறந்து வளர்ந்தவன் போல. மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி மட்டும் விடவில்லை.

"ஏன்டாப்பா, உள்ளே போட்டுக்கற தெர்மல் ஒண்ணு போறுமா, ரெண்டு வேணுமா? நீ போனப்போ என்ன போட்டுண்டே?"

"நான் இதுதான் முதல் தடவை மாமி."

"சரியாப் போச்சு. நாங்க உன்னை நம்பிண்டு வரோம், நீ யாரை நம்பிண்டு வரே?"

எங்கள் வீட்டில் துணி இரண்டு வகைதான். வீட்டில் உடுத்துவது, வெளியே போக உடுத்துவது. வெளியே என்றால் இஸ்திரி போட்ட பேன்ட், உள்ளே செருகிய சட்டை. ரயிலில் ஊருக்குப் போவதென்றாலும் அப்படித்தான். கசங்கிய துணியோடு போனால் எந்த டி.டி.ஈ.யும் முதலில் நம்மிடம்தான் டிக்கெட் கேட்பார் என்பது அப்பாவின் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் கேஷுவல் என்று ஒன்று எங்கள் பீரோவில் இருந்ததில்லை.

கல்லூரி கடைசி வருடம் புகைப்படத்துக்காகத் தைத்த கோட்டை அப்பா எடுத்து வெளியே மாட்டினார். "கப்பல்ல போறவன் கோட்டு இல்லாமலா போவான்? நாலு பேரு பாத்தா மதிக்கண்டாமா?"

தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, இவன் என்ன கப்பல்லயா கல்யாணம் பண்ணப் போறான்? அண்ணா, கேஷுவல்னா கஷ்டப்பட்டு டிரெஸ் பண்ணின மாதிரி தெரியக் கூடாது. அவ்ளோதான்."

கஷ்டப்பட்டது தெரியாமல் உடுத்துவதற்கு எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். வழக்கமாக ஸ்வெட்டர் விற்கும் நடைபாதைக் கடைகளில் மே மாதம் குடையும் ரெயின்கோட்டும்தான் இருந்தன. கடைசியில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். ஜாக்கெட் மட்டும் ஒரு சுவர் முழுக்க. எடுத்துப் போட்டுப் பார்ப்பேன், கண்ணாடியில் வேறு யாரோ நிற்பது போல இருக்கும், கழற்றிவிடுவேன். ஒன்று ரொம்பப் பளபளப்பு, ஒன்று போலீஸ்காரர் போல. அங்கே வேலை செய்த பையன் பொறுமை போய், கருநீலத்தில் தொப்பி வைத்த ஒன்றை என் கையில் திணித்து, "சப் யஹீ லே ஜாதே ஹைன் சார்" என்றான். எல்லோரும் இதைத்தான் வாங்கிப் போகிறார்களாம். அதைக் கேட்டதும் என் குழப்பமெல்லாம் தீர்ந்தது. எல்லோரும் போடுவதை நானும் போட்டால் யார் என்னைத் தனியாகத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

கிளம்பும் அன்று அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது அம்மா சமையல் மேடையிலிருந்து விரலில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"எம்மா, வேண்டாம். இது அந்த மாதிரித் துணி இல்ல."

"எந்த மாதிரித் துணின்னா என்னல? மஞ்ச வைக்காம புதுத்துணி போடுவாவளா? வெளிய தெரியாம வைக்கேன், நில்லு."

காலரின் உள்பக்கம் இருந்த வெள்ளை லேபிளின் மூலையில் அழுத்தித் தேய்த்துவிட்டாள். எங்கள் வீட்டில் எந்தப் புதுத்துணியும் இது இல்லாமல் உடம்பில் ஏறாது. பள்ளிச் சீருடைக்கு வைத்தாள், கோட்டுக்கு வைத்தாள், தங்கையின் ஜீன்ஸுக்கும் வைத்தாள். ஆனால் கப்பலில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஜாக்கெட்டைக் கழற்றும்போது அந்த மஞ்சள் கறை பல்லை இளிக்குமே என்றுதான் எனக்கு ஓடியது. விமான நிலையக் கழிவறையில் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் குங்குமம் போலச் சிவந்தது. பயந்துபோய் மேலும் தண்ணீர் விட்டேன், பழையபடி மஞ்சளாகி, முன்பைவிடக் கொஞ்சம் அகலமாகப் படர்ந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் கப்பல் ஏறும் இடத்தில் எனக்கு மனசு லேசாகிவிட்டது. கடைப் பையன் பொய் சொல்லவில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் அதே கருநீல ஜாக்கெட். மும்பையிலிருந்து வேறொரு பெரிய குழுவும் வந்திருந்தது. அவர்களிலும் பலர் அதே. மாமி புடவைக்கு மேல் அதையே போட்டு, தலையில் கம்பளித் தொப்பியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னடா இது, ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரின்னா இருக்கு. ப்ரேயர் எப்போ?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். யாரும் என்னைத் தனியாகப் பார்க்கவில்லை. உள்ளே பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஜாக்கெட் என்று காற்றில் நின்றபோது, நான் ஃபோனில் படித்துக் காட்டியது எல்லாம் உண்மைதான் என்பதில் எனக்கே ஒரு நிம்மதி.

மூன்றாவதோ நான்காவதோ ஒரு துறைமுகத்தில்தான் அது நடந்தது. மலைக்கு அடியில் சின்ன ஊர். மழை தூறிக்கொண்டே இருந்தது. கப்பல் கிளம்புவதற்கு முன் சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று கரையோரம் ஒரு காபிக் கடைக்குள் போனோம். அந்த இன்னொரு மும்பைக் குழுவும் அங்கே இருந்தது. உள்ளே நல்ல கதகதப்பு. அந்த ஊர் வழக்கப்படி நனைந்த மேலுடையைக் கழற்றி வாசல் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். எல்லோரும் மாட்டினார்கள். நானும் மாட்டினேன்.

என் பாஸ்போர்ட்டும், கப்பலுக்குள் நுழையும் அட்டையும், ஃபோனும் அந்த ஜாக்கெட்டின் உள்பையில் ஜிப் போட்டு இருந்தன. லோக்கல் ரயிலில் போய் வந்து பழகிய பழக்கம். முக்கியமான எதுவும் மேல்துணியின் உள்பையில், நெஞ்சோடு ஒட்டி இருந்தால் எந்தக் கூட்டத்திலும் எவனும் கை வைக்க முடியாது. ஆனால் மும்பையில் யாரும் மேல்துணியைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலாளி முதலில் கிளம்பியவர்களுடன் கப்பலுக்குப் போய்விட்டார். கடைசியாக மிஞ்சியவர்களைக் கூட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். கொக்கியில் இருந்த கருநீலத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, மாமிக்குக் குடை பிடித்தபடி நடந்தேன். துறைமுக வாசலில் ஒவ்வொருவராக அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். நான் உள்பையின் ஜிப்பைத் திறந்தேன். வெறுமையாக இருந்தது. வெளிப்பையில் கை விட்டால் ஒரு சின்னப் பொட்டலம் சோம்பும், மூக்கில் உறிஞ்சும் மருந்துக் குழாயும் வந்தன.

அந்தக் கணத்தில் எனக்குக் குளிர் தெரியவில்லை, மழை தெரியவில்லை. திரும்பிக் கடைக்கு ஓடினேன். கொக்கிகள் எல்லாம் காலியாக இருந்தன. பரிமாறிய பெண் கையை விரித்தாள். மறுபடி வாசலுக்கு ஓடி வந்தேன். பார்க்கிற பக்கமெல்லாம் கருநீல ஜாக்கெட்டுகள் கப்பலுக்குள் போய்க்கொண்டிருந்தன. காவலாளியிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அட்டையும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை என்றால் உள்ளே விட முடியாது, மேலே தகவல் சொல்கிறேன், ஆனால் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது என்றார்.

மாமி மட்டும் ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். வாசலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் வீட்டு மாமா கத்தினார். "ஏறுடி, மூடிடப் போறான்."

"நீங்க போங்கோ. இந்தப் பிள்ளையை விட்டுட்டு எப்படி வரது? நான் அவனோட வந்துக்கறேன்."

"எப்படி வருவே, நீந்தியா?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு அப்பா முகம்தான் வந்தது. பாஸ்போர்ட் வந்த அன்று அதைக் கையில் வாங்குவதற்கு முன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டவர். அதைத் தொலைத்துவிட்டு, பேர் தெரியாத ஊரில், யாருடைய ஜாக்கெட்டிலோ நின்றுகொண்டிருந்தேன். குழுவை நான் தனியாகக் கூட்டிப் போவதாவது! குழு என்னை விட்டுவிட்டுப் போகப் போகிறது.

அப்போது கப்பல் படிக்கட்டில் எல்லோரும் ஏறும் திசைக்கு எதிராக, அந்த இன்னொரு மும்பைக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி இறங்கி வந்தார். சல்வார், காலில் ஷூ, காதை மூடி ஒரு மஃப்ளர். கையில் ஒரு கருநீல ஜாக்கெட்டைக் கொடி போலத் தூக்கிப் பிடித்திருந்தார். வாசலுக்கு வந்து, இங்கே தமிழ் ஆள் யார் என்று இந்தியில் சத்தமாகக் கேட்டார்: "தமிழ் பார்ட்டி கோன் ஹை இதர்?"

மாமி என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினார். அந்த அம்மா ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் திறந்து படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலரைத் திருப்பி என்னிடம் காட்டினார். லேபிளில் மஞ்சள்.

அவர் பம்பாய் இந்தியில் சொன்னது இதுதான். கேபினுக்குள் போனதும் கணவரின் ஈர ஜாக்கெட்டை வாங்கி மாட்டப்போனாராம். லேபிளில் மஞ்சளைப் பார்த்திருக்கிறார். இது நம்முடையதில்லை என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அவர் வளர்ந்தது செம்பூரில். பக்கத்து வீட்டுத் தமிழ் ஆன்ட்டி, தீபாவளிக்குத் தன் பெண்களோடு சேர்த்து இவருடைய ஃபிராக்கிலும் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் போடச் சொல்வாராம். சந்தேகப்பட்டு உள்பை ஜிப்பைத் திறந்திருக்கிறார்.

"என் வீட்டுக்காரர் உள்பையைத் தொடவே மாட்டார். ராத்திரி சாப்பிட்டப்புறம் சோம்பு தேடும்போதுதான் இது வேற ஆளோடதுன்னு தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள கப்பல் நடுக்கடல்ல இருக்கும்" என்றார். கப்பலில் விசாரிக்கும் இடத்தில் கொடுக்கலாம்தான். ஆனால் அவர்கள் கம்ப்யூட்டரைத் தட்டி முடிப்பதற்குள் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள் என்று தானே இறங்கிவிட்டாராம். "மஞ்சள் வெச்சு அனுப்பின அம்மாவோட பையன் கீழேதான் எங்கேயோ முழிச்சிட்டு நிப்பான்னு தோணிச்சு."

அவர் கணவரின் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் முதலில் பையைத் தொட்டுப் பார்த்து, சோம்பு இருக்கிறது என்று மேலே நின்றிருந்த கணவருக்குச் சைகை காட்டினார். நாங்கள் உள்ளே ஏறிக் கொஞ்ச நேரத்தில் கப்பல் நகர்ந்தது. கரை விலகி மறையும்வரை ஜாக்கெட்டின் உள்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கம்பியோரம் நின்றேன்.

மறுநாள் காலை மாமி தன் ஜாக்கெட்டின் லேபிளில் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். மாமாவுடையதிலும் வைத்திருந்தார். "எனக்கு எதுக்குடி பொட்டு?" என்று மாமா கேட்டதற்கு, "நீங்க தொலைஞ்சா யாராவது கொண்டுவந்து குடுக்கணுமே" என்றார்.

வீட்டுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன். சோப்புப் போட்டுத் தேய்த்ததையும் சொன்னேன். "அது போவாதுல. மஞ்சக் கிழங்கை நானே உரசினது" என்றாள் அம்மா. அப்புறம் குளிருகிறதா, சோறு கிடைக்கிறதா என்று கேட்டாள்.

இப்போது குழுக்களை நானே அழைத்துப் போகிறேன். குளிருக்கு என்ன உடுத்துவது என்று கேட்பவர்களுக்கு அடுக்கு, ஷூ, தொப்பி எல்லாம் சொல்லிவிட்டு, லேபிளில் உங்கள் வீட்டு அடையாளம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். அந்த ஜாக்கெட் இன்றும் எங்கள் கதவுக்குப் பின்னால், தாராவிப் புழுக்கத்தில் தொங்குகிறது. எல்லோரையும் போலத் தெரிய வேண்டும் என்று தேடித் தேடி வாங்கிய அதில் நான் அழிக்கப் பார்த்த இடம் மட்டும்தான் என்னுடையது. அந்த இடம்தான் என்னை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தது.