அரை இஞ்ச் மாஸ்டரின் வலது தொடை

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அரை இஞ்ச் மாஸ்டர் என்று கேட்டால் பால்காரர்கூட வண்டியை நிறுத்தி வழி காட்டுவார். யாருக்கு என்ன தைத்தாலும் உள்பக்கம் அரை இஞ்ச் துணியைக் கூடுதலாக மடித்து விடுவது மாஸ்டரின் வழக்கம்.

"இன்னைக்கு இருக்கிற இடுப்பு நாளைக்கு இருக்காது சார். உள்ள அரை இஞ்ச் விட்டிருக்கேன். பெருத்துட்டு வாங்க, பிரிச்சுத் தரேன்."

இந்தப் பேச்சுக்காகவே கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போன வேகத்தில் பெருத்துத் திரும்பி வந்தவர்களும் உண்டு.

கடை, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோணப் பொந்து. அளவு கொடுக்க வருகிறவர் தெருவில் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் படியில் தலை இடிக்கும். உள்ளே காலால் மிதிக்கும் மெஷின் ஒன்று. மோட்டார் மாட்டச் சொல்லி மனைவி சொல்லாத நாளில்லை. "கால் சொல்றபடி ஊசி நடக்கணும்டி. மோட்டார் வெச்சா ஊசி சொல்றபடி நான் நடக்கணும்" என்பார்.

அப்படி மிதித்த வலது காலில்தான் வம்பு வந்தது.

ஒருநாள் வலது தொடையில் பேன்ட் பிடித்தது. துணி சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். இடது கால் ஏன் சுருங்கவில்லை என்ற கேள்வி வந்ததும், மிதித்து மிதித்துச் சதை வைத்துவிட்டது என்று மாற்றிக்கொண்டார். அதில் கொஞ்சம் பெருமைகூட. தடவிப் பார்த்தால் உள்ளே ஆழத்தில் உருண்டையாக ஒன்று இருந்தது. அமுக்கினால் வலிக்கவில்லை. வலிக்காதது எப்படி வியாதியாகும்? வேறொருவராக இருந்தால் டாக்டரைப் பார்த்திருப்பார். மாஸ்டர் தையலைப் பிரித்தார்.

சில வாரம் கழித்து மறுபடி பிடித்தது. மறுபடி பிரித்தார். விட்டிருந்த அரை இஞ்ச் தீர்ந்ததும் அதே துணியில் ஒரு பட்டை வெட்டி, உட்தொடைப் பக்கமாக வெளியே தெரியாமல் ஒட்டுக் கொடுத்தார். அந்த ஒட்டு அவ்வளவு நேர்த்தி. யாரிடமும் காட்டிப் பீற்றிக்கொள்ள முடியவில்லையே என்பதுதான் அவருக்குக் குறை.

ஆனால் அந்தக் குறையும் தீர்ந்தது. வீட்டைச் சுத்தம் செய்த மனைவி, "நல்லாத்தானே இருக்கு" என்று அந்தப் பேன்டைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டார். தம்பி, டி.வி. விற்கும் ஒரு பெரிய கடையில் சேல்ஸ்மேன். மறுநாள் சாயங்காலம் பேன்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"மாமா, நீங்க எனக்குப் பேன்ட் குடுத்தீங்களா, பழி வாங்கினீங்களா?"

"என்ன மாப்ள?"

"ஃபேன் முன்னாடி நின்னேன். இடது கால் ஒழுங்கா இருக்கு, வலது கால் கொடி மாதிரி படபடன்னு அடிக்குது. டி.வி. பாக்க வந்த குடும்பம் மொத்தமும் டி.வி.ய விட்டுட்டு என் காலப் பாக்குது. மேனேஜர் கூப்பிட்டு, 'தம்பி, அந்தக் கால்ல இன்னொருத்தர் தங்கலாம் போல'ங்கிறார்!"

சத்தம் கேட்டு மாடி வீட்டிலிருந்து மனைவி இறங்கி வந்தார். பேன்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஒட்டுப் பட்டையைப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் தொடையைப் பார்த்தார்.

"எந்திரிங்க."

"கஸ்டமர் வர்ற நேரம்..."

"எந்திரிங்கங்கறேன்!"

அவர் எழுந்தார், அவசரத்தில் படியில் தலை இடித்தது. மனைவி தொடையில் கை வைத்ததும் தலைவலி மறந்துபோனது.

"இது எத்தனை மாசமா?"

"வலிக்கவே இல்லடி."

"நான் வலிக்குதான்னு கேக்கல."

பக்கத்துத் தெரு டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார். தொடையை இறுக்கச் சொல்லி மறுபடி அமுக்கினார். "பெரும்பாலும் இந்த மாதிரிக் கட்டியெல்லாம் வெறும் கொழுப்புத்தான்" என்று ஆரம்பித்தார்.

"அவருக்குக் கொழுப்பு இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும் டாக்டர்" என்றார் மனைவி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஆனா இது ஆழத்துல இருக்கு. எலுமிச்சம்பழத்தைவிடப் பெருசா இருக்கு. வளந்துக்கிட்டும் இருக்கு. இப்படி இருந்தா ஸ்கேன் எடுத்து என்னன்னு தெரியறதுக்கு முன்னாடி யாரும் கத்தி வைக்கக் கூடாது. பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அங்க இதுக்குன்னே ஒரு குழு இருக்கு."

புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு மாஸ்டரின் காது வேலை செய்யவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அன்று முதல், பார்க்கிறவர்கள் அறியாமல், இடது காலால் மட்டும் மெஷினை மிதித்துப் பழகினார். அந்த வாரம் தைத்த சட்டைகளின் தையல் எல்லாம் ஆற்றோரப் பாதைபோல வளைந்து போயிற்று. ஒருவர் காலரைக் காட்டி, "மாஸ்டர், பஸ்ல உக்காந்து தைச்சீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் மருந்துக் கடை மாடியில் சின்னச் சின்ன ஆபரேஷன் செய்யும் டாக்டரைப் பற்றி யாரோ சொன்னார்கள். மரத்துப்போக ஓர் ஊசி, ஒரு கீறல், அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடலாம். "பட்டன் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினார் மாஸ்டர்.

பட்டன் வாங்கப் போகிறவர் யாராவது துவைத்த வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு போவாரா? மனைவி பின்னாலேயே போனார். தம்பிக்கும் போன் போட்டார்.

மாஸ்டர் மேஜைமேல் படுத்திருந்தார். ஊசி ஏறத் தயாராக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த மனைவி, டாக்டருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையிலிருந்து அந்தப் பேன்டை உருவி, மாஸ்டரின் வயிற்றின் மேலேயே விரித்தார்.

"டாக்டர், வலிக்கல, சின்னதா இருக்கு, ரொம்ப நாளா அப்படியே இருக்குன்னு சொல்லியிருப்பாரு. இதப் பாருங்க. இது முதல் தையல். பிரிச்ச ஊசித் தடம் தெரியுதா? இது ரெண்டாவது. இது மூணாவது. அப்புறம் இந்த ஒட்டு. எல்லாம் இந்த ஒரு வருஷத்துக்குள்ள."

டாக்டர் பேன்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மரம் வெட்டிய இடத்தில் வளையம் தெரிவதுபோல, வரிசை வரிசையாகத் தையல் தடங்கள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஐயா, என்கிட்ட 'பத்து வருஷமா இதே சைஸ்'னு சொன்னீங்களே?"

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"இத நான் தோண்டினா, கெட்டதா இருந்தா, நானே நாலு பக்கமும் பரப்பி விட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் காலக் காப்பாத்தறது கஷ்டம். மொதல்ல அங்க போங்க."

வாசலில் தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "அக்கா, அந்தப் பேன்ட என்கிட்டயே திருப்பிக் குடுத்துடாத!"

பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு ஊசியால் உள்ளிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். ஊசி குத்தும் இடத்தைக்கூட ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜன் அம்மாவே குறித்துக் கொடுத்தார்; பின்னால் கட்டியை எடுக்கும்போது ஊசி போன வழியையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். ரிசல்ட் வரத் தாமதமாயிற்று. ஒரு பரிசோதனைக்கூடம் பார்த்தது போதாதென்று, இதே வேலையாக இருக்கும் இன்னொரு நிபுணருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

"சர்கோமா" என்றார் அந்த அம்மா. "சதை, கொழுப்பு, நரம்பு மாதிரி இடத்துல வர்ற புற்றுநோய். இதுலயே எத்தனையோ வகை இருக்கு. எல்லாமே அபூர்வம்."

அந்தக் கலக்கத்திலும் மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? அபூர்வமாம்."

"உங்கள மாதிரி இன்னொண்ணு கெடைக்காதுன்னு எனக்கு ஸ்கேன் இல்லாமயே தெரியும்."

பிறகுதான் அவர் கேட்க வந்ததைக் கேட்டார். கேட்கும்போது வலது கையால் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ பறிக்க வந்ததுபோல. "கால எடுத்துருவீங்களாம்மா? நான் மெதிச்சுப் பொழைக்கிறவன்."

"நுரையீரலுக்குப் போகல. பெரிய ரத்தக்குழாயத் தொடல. யாரும் முன்னாடியே தோண்டி வைக்கல, அது உங்க அதிர்ஷ்டம். மொதல்ல ரேடியேஷன், அப்புறம் ஆபரேஷன். கால வெச்சுக்கிட்டே செய்யலாம்னுதான் குழுவுல எல்லாரும் பேசியிருக்கோம். ஆனா கட்டிய மட்டும் எடுக்க முடியாது. சுத்தி நல்ல சதையும் கொஞ்சம் சேத்துத்தான் எடுக்கணும்."

உயிர் திரும்பிய மாஸ்டருக்குத் தொழிலும் திரும்பி வந்துவிட்டது. "சுத்தி எவ்வளவும்மா? அரை இஞ்ச் போதும்ல?"

"எடத்தப் பொறுத்து. நான் கஞ்சத்தனம் பண்ணினா அது திரும்பி வந்துடும்."

"ஐயோ, தாராளமா வெட்டுங்க! ஒட்டுக் குடுக்கற மாதிரி ஆனாலும் பரவாயில்ல!"

ஆபரேஷனில் ஒட்டுக் கொடுக்க வேண்டி வரவில்லை. எடுத்த சதையின் ஓரம் முழுக்கச் சுத்தம் என்று பரிசோதனையில் வந்தது. கதிர் பட்ட இடத்தில் காயம் ஆற அடம்பிடித்தது; நடக்கப் பழக ஊன்றுகோல், பிறகு சுவர், பிறகு மனைவியின் வசவு என்று ஒவ்வொன்றாகத் துணைக்கு வந்தன. மாடிப்படிக்குக் கீழே மறுபடி உட்கார்ந்தவர், முதலில் வெறும் மெஷினை மிதித்துப் பார்த்தார். சக்கரம் சுற்றியது. நூல் கோக்காமலே வெகுநேரம் மிதித்துக்கொண்டிருந்தார்.

புதுப் பேன்ட் வேண்டியிருந்தது. டேப்பைத் தன் தொடையில் தானே சுற்றப்போனவரின் கையிலிருந்து மனைவி அதைப் பிடுங்கினார்.

"உங்க அளவ நீங்க எடுத்த லட்சணம் தெரியும். நில்லுங்க." இரண்டு தொடையையும் அளந்தார். வலதில் பள்ளம், சதை குறைந்திருந்தது. அளவைச் சத்தமாகச் சொன்னார்.

"வழக்கம்போல ஓரத்துல அரை இஞ்ச் சேத்துக்கறேன்" என்றார் மாஸ்டர்.

"ஒரு நூல்கூடச் சேக்கக் கூடாது. செக்கப்புக்குச் செக்கப்பு அவங்க பாப்பாங்க. நடுவுல இறுக்கினா எனக்குத் தெரியணும்."

அரை இஞ்ச் மாஸ்டர் தன் வாழ்நாளில் முதல்முறையாக, உள்ளே கூடுதல் துணி விடாமல் ஒரு பேன்ட் தைத்தார். தையல் நேராக வந்தது. அளவு கொடுக்க வந்து தெருவில் நின்றிருந்த தம்பி மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்தான்:

"பழசானா எனக்கு வேண்டாம் மாமா."