மூச்சு கொடுத்த கார்

போன வருடம் புயல் ஓய்ந்த மறுநாள் காலை, திருவொற்றியூரில் நடந்தது இது. துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. அன்று என் பொறுப்பில் இருந்தது கண்காட்சிக்காக வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெரிய சொகுசு கார். இன்னும் விற்பனைக்கு வராத, சோதனைக்காகச் செய்த வண்டி. பேட்டரியிலும் ஓடும், ஹைட்ரஜனிலும் ஓடும். மணலியில் ஹைட்ரஜன் நிரப்பி, டிரெய்லரில் ஏற்றி, உறை போட்டு மூடிக் கொண்டுபோனோம். காரோடு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் பெண்ணும் நானும் பின்னால் டாக்சியில். மேடையில் திரை விலகும்வரை வெளியாள் யாரும் காரைப் பார்க்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

வழியில் மரம் விழுந்து, கன்டெய்னர் லாரிகளோடு நாங்களும் வரிசையில் நின்றுவிட்டோம். அந்த வட்டாரத்தில் எங்கும் கரன்ட் இல்லை. அப்போது ஒரு அம்மா ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"எம்மா, கரன்ட் குடுக்கிற மிஷின் எதுனா வெச்சிகினு கீறீங்களா? எங்க வூட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மிஷினு ஓடணும். இன்வெர்ட்டரு நின்னுடப் போவுது. ஆம்புலன்சு டோல்கேட்டாண்ட மாட்டிகினு கீதாம்."

இன்ஜினியர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அந்தக் காரிலிருந்து வீட்டுச் சாமான்களுக்குக் கரன்ட் எடுக்கலாம் என்றார் அவர். உடனே மேனேஜருக்குப் போன் செய்தேன். "உறையில கை வெச்சே, நாளைலேருந்து வேலைக்கு வராதே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"காருக்கு நான் பொறுப்பு. உன் வேலையைக் காப்பாற்ற என்னால் முடியாது. நீதான் முடிவு செய்ய வேண்டும்" என்றார் இன்ஜினியர். எங்கள் இங்கிலீஷ் புரியாமல் அந்த அம்மா எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

காரிலிருந்த பிளக் பாயின்ட் வெளிநாட்டு மாதிரி, நம்மூர் பிளக் அதில் சேரவில்லை. இன்ஜினியர் சற்றும் யோசிக்காமல் அதில் சேரும் தன் லேப்டாப் ஒயரைப் பிளக்கோடு வெட்டிக் கொடுத்தார். பந்தலும் லைட்டும் போடும் பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தன் ஒயர் சுருளோடு இணைத்து, ரோட்டிலிருந்து வீடுவரை இழுத்தார். உள்ளே கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தவரின் உதடுகள் கறுத்துப் போயிருந்தன. மிஷின் உறுமி ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் தலை நிமிர்ந்தார்.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. செல்போன்கள் உயர்ந்தன. நான் மேனேஜரிடம் பேசியதைக் கேட்டிருந்த ஒரு லாரி டிரைவர் குறுக்கே நின்று, "யாரும் போட்டோ புடிக்காதீங்க நைனா, அந்தப் பொண்ணுக்கு வேல பூடும்" என்றார். அத்தனை போன்களும் இறங்கின.

"வண்டி ஒழுவுதும்மா" என்றார் அந்த அம்மா. இந்த வண்டியில் புகை வராது, தண்ணீர்தான் வரும் என்று விளக்கினேன். அவர் வரிசையில் உறுமிக்கொண்டிருந்த லாரிகளைப் பார்த்தார்.

"அவுரு பஞ்சர் கட இந்த ரோட்டு மேலதான். இந்தப் பொகைலயே நெஞ்சு கெட்டுச்சு. இந்த லாரிங்கல்லாம் எப்பம்மா இப்படி ஆவும்?"

இன்ஜினியரிடம் அதையும் சொன்னேன். அவர் அந்தக் கேள்வியைத் தன் செல்போனில் குறித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்து அந்த அம்மாவின் கணவரை ஏற்றிப் போனது. சில நாட்களில் வீடு திரும்பினார், போய்ப் பார்த்தேன். படம் எதுவும் வெளியாகாததால், மேனேஜர் கத்தித் தீர்த்ததோடு என் வேலை தப்பியது. கண்காட்சிக்கு வந்தவர்கள் சீட்டின் தோலைத் தடவி, விலை என்னவென்று கேட்டார்கள். எனக்கோ இன்றும் எந்தப் புது வண்டியைப் பார்த்தாலும், இது அந்த ரோட்டுக்கு எப்போது வரும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.