வீட்ல பேசிட்டுச் சொல்றோம்

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் சலவைக் கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். துணி தேய்க்கும் உருளையிலிருந்து சூடாக வெளிவரும் விரிப்பை இன்னொருத்தியோடு ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, மூலைக்கு மூலை சேர்த்து அடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலைதான். ஊரில் உள்ள முக்கால்வாசி ஓட்டல் கட்டில்களில் கிடப்பது அவள் கைபட்ட துணி. அந்தக் கட்டில்களில் ஒன்றில்கூட அவள் உட்கார்ந்தது கிடையாது. அவள் புருஷன் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவன். நாள் முழுக்கப் பயணம், ஆனால் எங்கேயும் போய்ச் சேராத மனுஷன் என்று அவளே அவனைக் கிண்டல் செய்வாள். அவனும் சிரிப்பான்.

குடியிருந்தது ஒரு மாடிப்படிக்கு அடியில், ஒரே அறையில். ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலா ராத்திரியா தெரியாது. மேல் வீட்டுக்காரர்கள் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்பது மட்டும் தலைக்கு மேல் செருப்புச் சத்தத்தில் தெரியும். ஜன்னல் வைத்த வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுக்க, புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தலை போகிற காரியமானாலும் அந்தப் பணத்தைத் தொடுவதில்லை என்று ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே. வார நாட்களில் வேலை அவர்களை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குள் அவர்கள் இருவரும் மகள் பாப்பாவுமாக மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தால் மத்தியானத்துக்குள் சண்டை வந்துவிடும். அதனால் அதிகக் காசில்லாமல் ஊர் சுற்றுவதில் மடிப்பக்கா தேர்ந்துவிட்டாள். கடைசி நிறுத்தம் வரை பஸ்ஸில் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவார்கள். பெரிய துணிக்கடையில் ஏசிக் காற்றுக்காக மாடி மாடியாக ஏறி, எதுவுமே பிடிக்காத முகத்தோடு இறங்கி வருவார்கள். கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஓட்டலில் இரண்டு சாப்பாடு வாங்கி மூன்று பேர் சாப்பிடுவார்கள். பரிமாறுகிறவர் முறைத்தால், மூன்றாவது ஆளுக்கு வயிறு சரியில்லை. இந்த வாரம் வயிறு சரியில்லாதது யாருக்கு என்று பஸ்ஸிலேயே பேசி முடிவு செய்துவிடுவார்கள். பாப்பாவுக்கு அந்த முறை வரவே வராதபடி புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டார்கள்.

லிஃப்டில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு நோட்டீஸை ஒரு நாள் அவன் எடுத்து வந்தான். ஊருக்கு வெளியே மனை விற்கிறார்கள். வந்து பார்க்க ஏசி பஸ் இலவசம், மதியச் சாப்பாடு இலவசம்.

"இதெல்லாம் வாங்குறவங்களுக்குடி" என்றான் அவன்.

"வாங்கினாத்தான் சோறுன்னு எங்க எழுதியிருக்கு? பாக்க வாங்கன்னுதானே போட்டிருக்கான். பாத்துட்டு வருவோம்."

போனார்கள். சாய்ந்து உட்காரும் இருக்கை, குளிர்ந்த காற்று, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பாப்பாவுக்கு ஒரு பலூன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொட்டல் வெளி. அங்கே ஒரு பந்தல், பந்தலில் சாப்பாட்டுப் பொட்டலம். சோறு, இரண்டு வகைக் காய், ஒரு முட்டை, ஓரத்தில் காகிதம் சுற்றிய இனிப்பு. முழுசாக மூன்று பொட்டலம். அன்றைக்கு யாருக்கும் வயிறு சரியில்லாமல் போகவில்லை.

பிறகென்ன, ஊரில் மனை விற்கிற கம்பெனிக்கா பஞ்சம்? மாதத்துக்கு ஒரு பஸ்ஸாவது ஏறிவிடுவார்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டாம் முறை போவதில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொள்வாள். இறங்கியதும் நேரே பந்தலுக்குப் போவது அசிங்கம் என்பதால் முதலில் மண்ணில் நடப்பார்கள். "தண்ணி எத்தனை அடியில வருது?" என்று அவன் கேட்பான். "பத்திரமெல்லாம் சரியா இருக்கா?" என்று அவள் கேட்பாள். பாப்பா குறுக்கும் நெடுக்கும் ஓடும். குழந்தைக்கு இடம் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் இனிப்பு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். கடைசியில் கையெழுத்துக் காகிதம் வரும்போது இரண்டு பேரும் ஒரே குரலில், "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். வீட்டில் இருக்கிற மொத்த ஜனமும் அங்கேயேதான் நிற்கும். அதை யாரும் கேட்டதில்லை.

ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. காலியாகப் போகிற பஸ்ஸில் மூன்று பேர் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

இப்படியே நாலு வருஷம் போயிற்று. பாப்பா ஓடுவதை நிறுத்தியிருந்தாள். வளர்ந்துவிட்டாள், அம்மாவின் கல்யாணச் சேலைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, பந்தலில் பொட்டலத்தைப் பிரித்து முதல் வாய் வைத்த நேரம், டை கட்டிய விற்பனையாள் ஒருவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, உங்களை எங்கயோ பாத்திருக்கேனே. வேற கம்பெனி பஸ்ல, இல்ல?"

"இல்லீங்க தம்பி, நாங்க இப்பத்தான் முதல் தடவை..."

"அட, பரவாயில்லக்கா. சாப்பாட்டுக்காக வர்றவங்களும் வரத்தான் செய்வாங்க. நாங்க யாரையும் எறங்குன்னு சொல்றதில்ல. பசின்னு வந்தவங்களை என்ன பண்றது? நல்லா சாப்பிடுங்க. பாப்பாவுக்கு இன்னொரு பொட்டலம் தரச் சொல்லட்டுமா?"

அவன் சத்தம் போடவில்லை. கேட்க வேண்டியவர்களுக்கெல்லாம் கேட்கிற அளவுக்கு, அன்பாகத்தான் சொன்னான். பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மடிப்பக்கா யாரையும் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். பாப்பா வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், பொட்டலத்தை மெதுவாக மூடிக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

மடிப்பக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாருங்க சாப்பாட்டுக்கு வந்தது? எடுங்க அந்தப் பேப்பரை. இதுல மூலை மனை எது?"

புருஷன் பதறிப்போனான். "இந்தா, அவசரப்படாத. வீட்ல பேசிட்டுச் சொல்றோம்னு..." என்றான். நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் உண்மையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"வீட்ல என்னத்தைப் பேச? வீடுதான் இல்லையே!"

கையெழுத்துப் போட்டாள். மறுநாள் ஜன்னல் வீட்டுக்கான முன்பணம் முழுவதையும் எடுத்துப் போய் அவர்கள் அலுவலகத்தில் கட்டினாள். மிச்சத்தை மாதத் தவணையில் கட்ட வேண்டும். ஒரு பொட்டலம் சோற்றுக்கு இவ்வளவு விலை கொடுத்த மனுஷி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வேறு புருஷனாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அவன் மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே என்று பழகியவன். அன்று ராத்திரி சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் துணிக்கடை இல்லை, ஓட்டல் இல்லை, பஸ்கூட அளந்துதான். எல்லாவற்றையும் தவணை தின்றது. பத்திரம் எப்போது என்று கேட்டால் அடுத்த மாசம் என்றார்கள். அடுத்த மாசம் போனால் அதற்கடுத்த மாசம். பாப்பா வெளியில் யார் எது கொடுத்தாலும் தொடுவதை விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பிறந்தநாள் கேக் நீட்டினால்கூட, "வேணாம் ஆன்ட்டி, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பாள். பசியோடுதான் சொல்வாள். பெற்றவளுக்குத் தெரியாதா? தனக்காகத்தான் அம்மா கையெழுத்துப் போட்டாள் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருப்பதும் தெரியும். அது உண்மையும்கூட என்பதால் மடிப்பக்காவால் ஆறுதல் சொல்ல முடியவில்லை.

"இனிமே என்ன, நமக்குச் சொந்த இடம் இருக்கு. அங்கயே போவோம்" என்று ஒரு நாள் கிளப்பினாள். சாதாரண பஸ்ஸில் நின்றுகொண்டே போய், பெரிய ரோட்டில் இறங்கி, வெயிலில் வெகுதூரம் நடந்து போனார்கள். கறை போகாததால் சலவைக் கூடத்தில் கழித்துவிட்ட ஓட்டல் விரிப்பு ஒன்றை விரித்து, வீட்டிலிருந்து கட்டிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள். புருஷன் சும்மா இருக்க மாட்டாமல் கற்களைப் பொறுக்கி வந்து வரிசையாக அடுக்கினான். இது கூடம், இது அடுப்படி, இது பாப்பா படிக்கிற இடம். ஒரு பக்கத்தில் இரண்டு கல் அளவுக்கு இடைவெளி விட்டான்.

"அது என்னப்பா?" என்றாள் பாப்பா.

"ஜன்னல்."

பாப்பா அந்த இடைவெளிக்கு உள்பக்கமாக உட்கார்ந்து வெளியே பார்த்தாள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, மண்தான். ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு மடிப்பக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. செய்தது அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு கையில் பஸ் காசு இருந்தபோதெல்லாம் அங்கேதான் போனார்கள்.

அப்படிப் போயிருந்த ஒரு மத்தியானம், புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏசி பஸ் வந்து நின்றது. அதே கம்பெனி. பந்தல் போட்டார்கள், ஜனங்கள் இறங்கினார்கள். டைக்காரன் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நேராக இவர்களை நோக்கி வந்தான். புருஷன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பெண். அந்த அம்மாள் கட்டியிருந்ததும் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலைதான். மடிப்பக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

டைக்காரன் ஜன்னல் வழியாக வரவில்லை, வாசல் வழியாகவும் வரவில்லை. சுவரை மிதித்துக்கொண்டு வந்து அடுப்படியில் நின்றான். "இதுதாங்க மூலை மனை. ரெண்டு பக்கமும் ரோடு. இது ஒண்ணுதான் பாக்கி இருக்கு" என்றான்.

மடிப்பக்கா எழுந்தாள். "தம்பி, இது எங்க மனை."

அவன் அவளைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. எத்தனை பேரைப் பார்க்கிறான், பாவம். ஒரு கணம்தான் தடுமாறினான், உடனே முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்? இவங்களும் இதையேதான் கேக்குறாங்க. நான் சொன்னேனில்ல, இந்த இடத்துக்குப் போட்டி ஜாஸ்தின்னு."

"கேக்கலைங்க, வாங்கிட்டோம்! முன்பணம் கட்டிட்டோம், மாசாமாசம் கட்டிட்டு வர்றோம்!"

"ஆபீஸ்ல வந்து பேசிக்கலாங்கக்கா" என்று அவளைக் கையமர்த்திவிட்டு, அந்த அம்மாளிடம் காகிதத்தை நீட்டினான். அந்த அம்மாள் தன் புருஷனைப் பார்த்தாள். "வீட்ல பேசிட்டுச் சொல்றோமே" என்றாள்.

"தாராளமாப் பேசுங்கக்கா. உங்களை எங்கயோ பாத்திருக்கேனே. வேற கம்பெனி பஸ்ல, இல்ல? அட, பரவாயில்லக்கா. சாப்பாட்டுக்காக வர்றவங்களும் வரத்தான் செய்வாங்க. நாங்க யாரையும் எறங்குன்னு சொல்றதில்ல. பசின்னு வந்தவங்களை என்ன பண்றது?"

அதே வார்த்தை. அதே சிரிப்பு. நிறுத்த வேண்டிய இடத்தில் அதே நிறுத்தம். அவன் அவளை எங்கேயும் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் மடிப்பக்காவுக்கு விளங்கியது. எந்த பஸ்ஸிலும் அவளைக் கண்டதில்லை. இது அவன் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற பாடம். ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும் பாடம். மானம் போயிற்று என்று அவள் அத்தனை பணத்தையும் தூக்கிக் கொடுத்தது, போகாத மானத்துக்கு.

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, எழுதாதீங்க!" என்று மடிப்பக்கா கத்தினாள். "எம் பேச்சைக் கேளுங்க, வேணாம், இவன் எங்களுக்கும் இப்படித்தான்..."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கறை படிந்த விரிப்பு, டப்பாச் சோறு, அடுக்கி வைத்த கற்கள். அந்தப் பார்வையில் இருந்தது கோபம். "நீங்க மட்டும் வாங்கலாம், நாங்க வாங்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

கையெழுத்து விழுந்ததும் எல்லோரும் பந்தலுக்குப் போனார்கள். புருஷன் மிதிபட்டுச் சிதறின கற்களைப் பொறுக்கி மறுபடியும் வரிசையில் வைத்துக்கொண்டிருந்தான். "விடுங்க" என்றாள் அவள். அவன் விடவில்லை. அவள் அழுதாள், மறைக்கக்கூட இல்லை.

பொட்டலம் கொடுக்கிற ஆள் வெயிலில் நடந்து வந்தான். இவர்களும் பஸ்ஸில் வந்தவர்கள் என்று நினைத்து மூன்று பொட்டலத்தை விரிப்பின் மேல் வைத்துவிட்டுப் போனான். சோற்று வாசனை வந்தது. பாப்பா கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, "எனக்கு வேணாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றாள்.

மடிப்பக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சோறு, இரண்டு வகைக் காய், முட்டை, ஓரத்தில் இனிப்பு, ஒன்றும் மாறவில்லை. அதை மகள் முன்னால் தள்ளி வைத்தாள்.

"சாப்பிடு பாப்பா. வெக்கப்படாம சாப்பிடு. இது நாம காசு குடுத்து வாங்கினது."