ஒரம்பரைக் காப்பி

ஈர விறகின் புகை கண்ணைக் கரிக்க, அப்பாவின் கட்டிலைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்: பொள்ளாச்சி பஸ்ஸில் வந்த பெரியப்பா, அவர் மருமகன், எங்களோடு வந்து தங்கியிருந்த அத்தை, நல்லேப்பிள்ளியிலிருந்து நடந்தே வந்த பங்காளிகள். அம்மா மட்டும் அங்கே இல்லை. அவர் சமையலறையில் காப்பிக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், ஆடிக்காற்று பனையோலைகளை அடித்துக்கொண்டிருந்த மாதம் அது. அப்பாவுக்கு வயிற்றில் கட்டி; "இனி ஊட்டுல வெச்சுப் பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சேதி பரவியதும் "ஒரம்பரை" வரத்தொடங்கியது. உறவுக்காரர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். படுத்திருப்பவரை எட்டிப் பார்க்காவிட்டால் ஊர் பேசும். பார்க்க வந்தவருக்குக் காப்பி கொடுக்காவிட்டாலும் ஊர் பேசும். ஆளுக்கொரு ரொட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டு, மழையையும் மாட்டையும் பேசி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். இரவெல்லாம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்த அம்மாவுக்குப் பகலில் கண்மூட வழியில்லை.

அப்பா அம்மாவிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "புள்ளே, செத்த நேரம் இங்க உக்காரு."

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா வேலிக்கு மேலே எட்டி, "ஏனுங்க, வர்றவங்களுக்குக் காப்பி எங்கூட்டுல வெச்சுக் குடுத்தர்றனுங்க. இந்தப் புள்ள அவரு பக்கத்துல இருக்கட்டும்" என்று அத்தையிடம் சொன்னார். அத்தைக்குச் சுருக்கென்றது. "எங்கூட்டு ஒரம்பரை ஊரான் ஊட்டுல காப்பி குடிக்கோணுமா? என்ற தம்பி அவ்வளவு கெட்டுப்போயிட்டானா?"

மறுநாள் அப்பா மறுபடி கூப்பிட்டபோது, அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றிவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். இழவு வீட்டில்தான் அடுப்பை அணைப்பார்கள். "உசுரோட இருக்கறவன் ஊட்டுல அடுப்பை அணைக்கறயா, பாவி!" என்று அத்தை அலறினார்.

"உடு அக்கா, பொகையாவது இல்லாம இருக்கட்டும்" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். அத்தை அடுப்பைத் திரும்ப மூட்டினார். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து போனார்.

அந்த வாரமே, பால் பொங்குவதைப் பார்த்து அம்மா சமையலறையில் நின்றபோது, அப்பா போய்விட்டார்.

அன்று எங்கள் அடுப்பு எரியவில்லை. வழக்கப்படி தெருவே முறைபோட்டுச் சோறு கொண்டுவந்தது. பொன்னம்மா அக்கா வீட்டுக் காப்பியை அத்தையும் மறுக்காமல் குடித்தார். எடுக்கும்வரை அம்மா அப்பாவின் பக்கத்திலேயே இருந்தார். எழுந்து போகச் சொல்ல ஒருவருமில்லை. இவ்வளவு அழகாக முறைபோடத் தெரிந்த தெருவுக்கு, மூச்சிருந்தபோது அதைப் போட என்ன கேடு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த மண்ணடுப்பு இடிந்துபோய்விட்டது. மூலையில் இப்போது மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். யாராவது படுத்திருக்கும் வீட்டுக்குப் போனால், காப்பி வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்தவரிடம் "நான் பாத்துக்கறனுங்க, நீங்க செத்த படுங்க" என்கிறேன். "நாலெழுத்துப் படிச்ச திமிரு" என்கிறார்கள். சொல்லட்டும். அப்பாவின் பக்கத்தில் அம்மா உட்கார அரை நாள் கிடைத்தது; அதற்கு அப்பாவின் உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது.